படத்தின் பின்புறம்

பிச்சாட்டூரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், உத்தரத்தை ஒட்டினாற்போல் ஏழு படங்கள் முன்புறம் சற்றே சாய்ந்து வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சென்ற ஆண்டு வீட்டைச் செப்பனிடும்பொருட்டு அவற்றைக் கழற்றினோம். ஒரு படத்தின் பின்பலகையை நீக்கியபோது, அதன் முதுகில் மங்கிய மசியில் தமிழில் இரண்டு வரிகள் காணப்பட்டன. என் அண்ணன் மகன் அதனைக் கையிலெடுத்து நெடுநேரம் நோக்கிவிட்டு, “சித்தப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டான். வீட்டில் தமிழ் பேசுகின்ற பிள்ளைதான் அவன். பள்ளியில் பயின்றவை தெலுங்கும் ஆங்கிலமும். தன் கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்து அவனுக்கு வெறுங்கோடுகளாகத் தோன்றிற்று.

நானோ புது தில்லியில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்தறியச் செய்வதே எனக்குச் சம்பளம் தரும் தொழில். எனினும், தில்லியில் வளரும் என் மகளிடம் அப்படத்தைக் காட்டியிருந்தால் அவளும் அதே வினாவைத்தான் கேட்டிருப்பாள். எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட குடும்பமும், பிழைப்பை நாடி வெளிமாநிலம் சென்ற குடும்பமும் இவ்விஷயத்தில் ஒரே நிலையில் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நம் நாட்டில் புகைப்படக் கலை குடும்பங்களைத் தேடி வந்த கலையன்று. பிரான்சில் 1839-ஆம் ஆண்டில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னையில் 1856-இல் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதில் முன்னின்றார். அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய தலங்களைப் படமெடுத்தார். அப்படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் தூண்களும் அற்புதமாகப் பதிந்துள்ளன. மனிதர்களைக் காண்பதுதான் அரிது. கவர்னர் டிரெவெல்யன் இம்முயற்சியை வீண் செலவென்று கருதி மறு ஆண்டே நிறுத்திவிட்டார்.

உலர்ந்த தகடுகள் புழக்கத்திற்கு வந்து, படமெடுக்கும் நேரமும் செலவும் குறைந்த பின்னரே, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்டூடியோக்கள் பெருகலாயின. முதலில் ஜமீன்தார்களும் வக்கீல்களும் சென்றனர். பிறகு பள்ளி ஆசிரியரும் கணக்கப்பிள்ளையும் சென்றனர். திரைச்சீலையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டு, மூன்றுகால் முக்காலி, அதன்மேல் பூச்சாடி, கணவர் நாற்காலியில், மனைவி அருகில் நின்றபடி: இக்காட்சியை அறியாத தமிழ்க்குடும்பம் உண்டோ? பருவமெய்திய பெண்ணைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, முகமும் பூத்தைத்த பின்னலும் ஒரே படத்தில் தெரியுமாறு எடுத்தது நம்மவரின் தனிக் கற்பனை என்றே சொல்வேன். படமெடுத்தால் ஆயுள் குறையுமென்று அஞ்சி வாழ்நாளெல்லாம் ஒதுங்கியிருந்த பாட்டியாரை, உயிர் பிரிந்த பின் நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, மாலை சூட்டி, முதலும் கடைசியுமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பிள்ளைகளுக்கு அச்சமூட்டும் படம்தான் அது. ஆயினும் அந்த அம்மையாரின் முகத்துக்கு வேறு சாட்சி இல்லை.

இனி எங்கள் வீட்டுப் படத்திற்கு வருகிறேன். அது என் பாட்டனாரின் திருமணத்தை ஒட்டி எடுத்த படம். அட்டையின் கீழ்மூலையில் ஸ்டூடியோவின் முத்திரை ஆங்கிலத்தில் அழுந்தியுள்ளது: திருத்தணி, சித்தூர் ஜில்லா. அதற்கு அடுத்து மாட்டியிருந்த படம் 1962-இல் என் அத்தையார் ஒருவருக்கு எடுத்தது. அதே ஸ்டூடியோ; அதே மாளிகைப் படிக்கட்டு; சீலை மட்டும் சற்றுக் கிழிந்துள்ளது. முத்திரையோ, திருத்தணி, செங்கற்பட்டு ஜில்லா என்கிறது.

இவ்விரண்டு முத்திரைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது ஒரு பெரிய சரித்திரம். சித்தூர் மாவட்டம் 1911-இல் உண்டாயிற்று. அதற்கு முன் அதன் தமிழ்ப் பகுதிகள் வடார்க்காட்டைச் சேர்ந்திருந்தன. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியும், பின்னர் படாஸ்கரின் தீர்ப்பும், 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் நேயர்கள் பலரும் அறிந்தவையே. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் செங்கற்பட்டிலிருந்து ஆந்திரத்திற்குச் சென்றன. பிச்சாட்டூர் ஆந்திரத்தில் நிலைத்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியாகப் புத்தூருக்குப் போகும் சாலையில் இன்றும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம் என்று விலாசம் மட்டும் மாறியிருக்கிறது. ஊரின் அணையில் தேங்கும் ஆரணியாறு, சுருட்டப்பள்ளியையும் ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலை அடைகிறது. அதற்கு மட்டும் விலாசத் தொல்லை இல்லை!

எல்லை மாற்றத்தால் எங்கள் நிலம் போகவில்லை, உறவு அறவில்லை, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. மெல்ல மெல்லப் போனது ஒன்றே. படத்தின் பின்புறத்தைப் படிக்கும் ஆற்றல் இரண்டு தலைமுறைகளில் போய்விட்டது.

அப்பின்புறத்தில் இருந்தவைதாம் யாவை? “பார்த்திப வருஷம் ஆவணி மாதம், திருத்தணியில் எடுத்தது” என்பது முதல் வரி. இரண்டாம் வரியில் மணமக்களின் பெயர்களும் “மற்றும் பந்துக்கள்” என்பதும் இருந்தன. பார்த்திப ஆண்டு 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1885-இலும் வந்தது, 1945-இலும் வந்தது, 2005-இலும் வந்தது. பாட்டனாரின் வயதைக் கொண்டு 1945 என நாம் துணிகிறோம். இன்னும் நூறாண்டு கழித்துப் பார்ப்பவர் எதைக்கொண்டு துணிவார்? தெலுங்கரும் இதே 60 பெயர்களை வழங்குகின்றனர். ஆனால் அவர்கள் ஆண்டு யுகாதியில் பிறப்பது. நமது ஆண்டு சித்திரையில் பிறப்பது. ஆகவே யுகாதிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட நாளில் எடுத்த படமாயின், ஒரே வீட்டில் இரண்டு ஆண்டுக் கணக்கு உண்டாகிவிடும்.

“மற்றும் பந்துக்கள்” என்னும் தொடரைக் கண்டபோது எனக்குப் பாட்டனார்மீது சிறிது கோபமே வந்தது. படத்தில் இருப்போர் பதினொருவர். அவருக்கு அனைவரையும் தெரியும். தெரிந்ததை எவர்தாம் எழுதி வைப்பார்?

எழுதி வைத்தவர்களும் சேர்த்து வைத்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், நூல்களோடு நில்லாமல், பிறர் குப்பையென்று எறியும் அழைப்பிதழ்களையும் துண்டு நோட்டீசுகளையும் பத்திரிகை நறுக்குகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கலியாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலையும் சரித்திரச் சான்று என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களுக்கும் அத்தகைய தொண்டு நடந்துள்ளது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஜோயி ஹெட்லி அம்மையாரும் அவர் குழுவினரும், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் அவற்றைத் தேடி மின்படிவமாக்கினர். பல ஸ்டூடியோக்களின் நெகடிவ்கள் அதற்கு முன்னரே போய்விட்டன. அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு எடுத்துச் செல்வோர் ஆராய்ச்சியாளருக்காகக் காத்திருப்பார்களா?

வீட்டளவில் நேரும் சேதங்களும் பல. கண்ணாடியை ஒட்டிச் சட்டமிட்ட படம் ஈரம் பட்டால் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். கருப்பு அட்டையில் நான்கு மூலைகளைச் செருகிய பழைய ஆல்பங்களே மேல். பின்னாளில் வந்த பசைத்தாள் ஆல்பங்களில் படத்தைப் பெயர்த்தெடுக்க இயலாது. பின்புறத்து எழுத்து என்றென்றைக்கும் மறைந்துபோகும். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, அனுபவமாகவே சொல்கிறேன். ‘ஆக்பா கிளிக்’ காமிராவில் என் பெரியப்பா அணைக்கரையில் எடுத்த பன்னிரண்டு படங்களை, பத்திரப்படுத்துவதாக எண்ணி, தில்லியில் ஒரு கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறையில் சூட்டால் ஒட்டச் செய்தவன் நானே. அவை இன்று பழுப்பேறி, உறைக்குள் குமிழிட்டுக் கிடக்கின்றன. அவற்றின் பின்புறத்தில் ஏதேனும் எழுதியிருந்ததா என்று பார்த்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

திருமணப் படத்தில் இருந்த பதினொருவரில் நால்வரை மட்டுமே நானும் அண்ணனும் அறிந்தோம். எஞ்சியோரை அறியக்கூடியவர் ஒருவரே இருந்தார். அவர் 1962-ஆம் ஆண்டுப் படத்தில் இருக்கும் அதே அத்தையார். இன்று திருத்தணியில் மகன் வீட்டில் இருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டு சென்றோம். அது எடுக்கப்பட்டபோது அவர் பிறந்திருக்கவில்லை. ஆயினும் அதில் இருப்போரின் மடியில் வளர்ந்தவர். கண்பார்வை குன்றியமையால் அண்ணன் மகன் கைப்பேசியில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டினான். “இவர் நாராயணவனத்துப் பெரியப்பா... இது அவர் தம்பி, ரயில்வேயில் இருந்தவர்... இவளைத் தெரியாதா, உன் தாத்தாவுக்கு அக்கா!” என்று அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். ஆறு பெயர்கள் கிடைத்தன. அவற்றுடன் எவரும் எதிர்பாராத வகையில் இரண்டு பழைய சண்டைகளும் ஒரு நிலத் தாவாவும் கிடைத்தன.

பிச்சாட்டூருக்குத் திரும்பியதும் படத்தின் பின்புறத்தில், பாட்டனாரின் வரிகளைத் தொடாமல், மெல்லிய பென்சிலால் நின்ற வரிசைப்படி பெயர்களை எழுதினோம். தமிழில் நான் எழுதினேன். அதன் கீழே தெலுங்கில் அண்ணன் மகன் எழுதினான். “1945” என்று இலக்கத்திலும் குறித்தோம். என் மகளுக்காக இந்தியில் ஒரு வரி சேர்க்கவும் இடம் இருந்தது. எழுதுமுன் அவன் பாட்டனாரின் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் சுட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் இடக்கோடியில், தரையில் அமர்ந்து காமிராவை நோக்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அத்தையார் அவளை மும்முறை பார்த்துவிட்டுத் தலையை அசைத்துவிட்டார். அவ்விடத்தில் பெயருக்கு வேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறோம்.