சேலம் சிறையில் 22 பேர்

அஸ்தம்பட்டிப் பக்கம் போகிற எவருக்கும் மத்திய சிறையின் மதில் சுவர் பழகிய காட்சி. நானும் சைக்கிளில் ஆபீஸ் போன காலத்தில் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

1950 பிப்ரவரி 11. நான் பிறந்த வருஷமும் அதுதான். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து 16 நாள் ஆகியிருந்தது. அன்று இந்தச் சிறைக்குள் காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் வட மலபார் விவசாயிகள். மலையாளத்துக்காரர்களுக்கு சேலத்தில் என்ன வேலை என்று இளைய வாசகர் யாரேனும் கேட்கக்கூடும். மலபார் அப்போது நம் சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா.

காவும்பாயி என்ற ஊரில் மலைச்சரிவில் புனம் பயிரிடும் உரிமை கேட்டு விவசாயிகள் திரண்டார்கள். 1946 டிசம்பர் 30ல் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் போனார்கள். பிடிபட்டவர்களில் தளியன் ராமன் நம்பியாரும் அவர் மகன் நாராயணன் நம்பியாரும் உண்டு. இருவரும் பிறகு சேலம் சிறையில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூண்ட வழக்கு. வெள்ளைக்காரன் போய்விட்டான், கைதி போகவில்லை. தங்களைத் திருடன், கொள்ளைக்காரனோடு சேர்க்காமல் அரசியல் கைதியாக நடத்துங்கள் என்பதே அவர்கள் கேட்டது. தந்தை அன்று இறந்தார். மகன் பிழைத்தார்.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் 1932ல் ஓராண்டு சிறையில் இருந்தார். சென்னைக் கோட்டையில் இன்று அவர் பெயரில் மாளிகை நிற்கிறது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இந்த 22 பேரில் ஒருவர் பெயரையாவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கிறோமா?

அதே சமயம் ஏ.கே. கோபாலனும் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தார். புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்படி 1950 மார்ச் 1ல் அவருக்கு மறுபடி ஓர் உத்தரவு கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தன்னைப் பிடித்து வைத்த காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாதாம்! அந்தப் பிரிவை மட்டும் நீதிபதிகள் தள்ளினார்கள். சட்டம் நின்றது, கோபாலனும் உள்ளேயே இருந்தார். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். கோபாலன் 1951ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாக வெளியே வந்தார். அடுத்த வருஷம் நாடாளுமன்றம் போனார். சட்டம் தெரிந்தவர், வக்கீல் கிடைத்தவர், அவர் தப்பினார். புனம் உழுதவர்களுக்கு அது இல்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். தமிழில் கோப்பு எழுதவே வேலையில் சேர்ந்த பிறகுதான் பழகினேன். திரெய்பூஸ் என்ற ராணுவ அதிகாரியின் கதை எங்களுக்குப் பாடம். செய்யாத குற்றத்துக்குத் தீவாந்தரம் போனவர். எழுத்தாளர் எமில் ஸோலா 1898 ஜனவரி 13ல் பத்திரிகையில் ஜனாதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாடே இரண்டாகப் பிரிந்தது. 1899ல் மன்னிப்பு தந்து விட்டார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆயிற்று. நம் 22 பேருக்காக அப்படி ஒரு கடிதம் வந்ததாக நான் படித்ததில்லை.

இனி என் பங்கு. எண்பதுகளில் நான் இருந்த ஆபீஸின் பெயர் வேண்டாம். 14 வருஷம் முடித்த ஓர் ஆயுள் கைதியைப் பற்றி ஊரில் விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லி ஒரு கோப்பு வந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் அது கட்டோடு கட்டாக ஐந்து மாதம் கிடந்தது. ராசிபுரம் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா மஞ்சள் பையோடு மூன்று முறை பஸ் ஏறி வந்தார். "வரும், போங்கம்மா" என்றேன். ஒருமுறைகூட எழுந்து போய்க் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

19 வயதில் பிடிபட்ட பேரறிவாளனை விடலாம் என்று அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமே தலையிட்டு அவரை விட்டது 2022 மே 18ல். அந்த அம்மா அற்புதம்மாளை டிவியில் பார்த்தபோது எனக்கு மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது.

வருஷக்கணக்கில் உள்ளே இருந்து மூப்பும் நோயும் கண்டவர்களின் கோப்புகள் இன்றும் ஏதோ மேசையில் இருக்கும். அவற்றை எடுத்து முடித்து, அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா தெரியாது, ஆனாலும் கேட்கிறேன்.

வரும் பிப்ரவரி 11 அன்று காலையில் அந்த மதில் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால். வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.