ஏரி யாருக்கு: கரியமாணிக்கம் பக்கத்து மானியங்களின் கதை

மானியம் என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது என் தாத்தாவிடம். வில்லியனூரிலிருந்து ஏம்பலம், கரியமாணிக்கம் வழியாக மடுகரைக்குப் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் சேரி. தாத்தா எங்க ஏரிக்கு நீர்கட்டி. மடை திறக்கிறது, அடைக்கிறது, ராத்திரியில் மண்வெட்டியோட கழனி கழனியாச் சுத்தி யாருக்கு எவ்வளவு தண்ணி என்று பார்த்து விடுகிறது, மழைக்காலத்தில் கரை உடையாமல் காவல் கிடக்கிறது எல்லாம் அவர் வேலை. கூலி என்று காசு கிடையாது. அறுப்பு முடிந்தால் களத்துமேட்டில் கதிர்க்கட்டு கொடுப்பார்கள். அதுபோக நீர்கட்டி மானியம் என்று கொஞ்சம் நிலம் இருந்ததாம். நான் பார்க்கும்போது அதில் ஆண்டை வீட்டுக் கரும்பு நின்றது. "அதான்டா நம்ம மானியம்" என்று கை காட்டுவார். எப்படிப் போச்சு தாத்தா என்று கேட்டால், "எழுதிக்கினாங்க" என்பார். யார், எப்போது, எந்த ஆபீசில் எழுதினார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது தடவை அதே சொல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் நேராக அங்கே போக முடியாது. இந்த மண்ணில் மானியத்துக்கு ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல் வயசு.

நமக்குக் கிடைத்த பழைய எழுத்து பாகூர்ச் செப்பேடு. பல்லவன் நிருபதுங்கன், தன் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேசாலிப் பேரரையன் விண்ணப்பம் செய்ய, பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்தான்: சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. பார்ப்பனர்கள் வேதமும் சாத்திரமும் படிக்க மூன்று ஊர் விளைச்சல், வரி இல்லாமல். புதுவையின் கல்விப் பெருமை என்று பாடப் புத்தகங்கள் இதைக் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். அந்த மூன்று ஊர்க் கழனியிலும் நாற்று நட்டவர்கள் யார் என்று ஒரு வரி எழுதச் செப்பேட்டில் இடமில்லாமல் போய்விட்டது. அவங்க பிள்ளைகள் அந்த வித்யாஸ்தானத்துத் திண்ணையில் ஏறியிருப்பார்களா என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இல்லாத இன்னொரு கதை சனங்கள் வாயில் இருக்கிறது. பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலுக்குப் பங்காரு வாய்க்கால் என்று பேர். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள், அக்கா தங்கச்சிகள், தங்கள் சொத்தைப் போட்டு வெட்டினார்கள் என்பார்கள். நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ராசா பேரைச் சொல்லாமல் இரண்டு பெண்கள் பேரைச் சொல்கிறது. ஆனாலும் காசு கொடுத்தவர் பேர்தான் இதிலும் நிற்கிறது. கூடை தூக்கினவர் பேர் இதிலும் இல்லை.

கூடை தூக்கியதற்குக் குடிமராமத்து என்று அழகான பேர் வைத்திருக்கிறார்கள். ஊரே கூடி ஏரியைச் செப்பனிட்டது, கிராமம் ஒரு குடும்பமாக இருந்தது என்று காந்தியர்களும் சுற்றுச்சூழல்காரர்களும் எழுதுகிறார்கள். நிலம் வைத்திருந்தவன் 'ஆள் அனுப்பினான்' என்பதுதான் அதன் பொருள். அந்த ஆள் நாங்கள். பக்கத்து பிரிட்டிஷ் பகுதியில் 1858-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள், மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். விரும்பிச் செய்த வேலைக்குக் கட்டாயச் சட்டம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

பிரெஞ்சுக்காரன் இந்தப் பக்கம் வேறு மாதிரி செய்தான். கேஸ் கொம்யூன் என்று ஏரிக்குப் பொதுநிதி. பிறகு சேந்திக்கா அக்ரிகோல் என்கிற விவசாயச் சங்கம். நிலத்துக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, மடையும் வாய்க்காலும் பழுது பார்த்து, நீர்கட்டிக்குக் கூலி கொடுத்து, கணக்கு எழுதினார்கள். தண்ணீர் நிர்வாகம் என்று பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் இருந்தால்தான் அதில் ஆள். சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் ஏரிக்கரை வரைக்கும் வரவில்லை. 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கமும் மடுகரையும் விடுதலை அறிவித்தன. அக்டோபர் 18-இல் வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்: இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. தாத்தா அன்றைக்கும் மண்வெட்டியோடுதான் இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 2006-இல். முப்பத்தெட்டு வருசம்! நடுவில் 1973-இல் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, 1993-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் வந்தது. தேர்தல்தான் வரவில்லை. ஆக 1990-களின் கடைசியில் எங்கள் கிராமங்களில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அமைப்பு ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து மட்டும் இருந்தது. அதில் நாங்கள் கைகட்டித் தள்ளி நின்றோம்.

இந்த வெற்றிடத்தில்தான் 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியத்தோடு புதுவை ஏரிகள் புனரமைப்புத் திட்டம் இறங்கியது. 84 ஏரிகள். பெரிய ஊசுட்டேரி, அடுத்த பெரிய பாகூர் ஏரியிலிருந்து எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகள் வரை. இதே ஐரோப்பியர்கள் 1984-லிருந்து தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் பணம் கொடுத்தவர்கள். அங்கே பொறியாளர்தான் எல்லாம், மதகு கட்டினார்கள், வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசினார்கள். இங்கே ஊர் மக்களே சங்கம் வைத்து நடத்த வேண்டும் என்று வந்தது. அந்தச் சங்கத்தில் ஆயக்கட்டுக்காரர் மட்டுமல்ல, நிலமில்லாதவரும் பெண்களும் சேரலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் 2000-இல் போட்ட பாசன மேலாண்மைச் சட்டமோ நிலத்தை வைத்துத்தான் ஓட்டைக் கொடுத்தது. இந்த வித்தியாசம் சின்ன விசயமில்லை.

காரணமும் இருந்தது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் நிலக்காரனுக்கு ஏரி தேவையில்லாமல் போய்விட்டது. பூமிக்கடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனதால் ஏரியை மறுபடி பேச வேண்டி வந்தது. பாசனத்தில் வருமானம் இல்லையென்றால் ஏரியில் மிச்சம் என்ன? மீன், கரையில் மரம், வண்டல், ஆடுமாட்டுக்குப் புல். இதையெல்லாம் நம்பிப் பிழைத்தவர்கள் யார்? நாங்கள்.

முதல் கூட்டம் ஏரிக்கரைக் கோயில் ஆலமரத்தடியில் நடந்தது. வந்திருந்த தொண்டு நிறுவனத்துப் பையன் எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொன்னான். பாவம், வட்டம் என்பது எங்க ஊரில் எவ்வளவு கஷ்டமான வடிவம் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் வெயிலில் நின்றார்கள். "ஏரியைப் பயன்படுத்துவோர் எல்லாரும் உறுப்பினர்" என்று படித்தான். ஊர்க்காரர் ஒருத்தர், "இவங்க என்னாத்தப் பயன்படுத்துறாங்க, காலா கழனியா?" என்றார். எங்க சின்னம்மா பின்னாலிருந்து கேட்டது: "ஏன் சாமி, எரும குளிப்பாட்டுறது பயன்பாடு இல்லியா? நத்த பொறுக்குறது பயன்பாடு இல்லியா? கர ஒடஞ்சா மொதல்ல யாரு ஊட்டுக்குத் தண்ணி வருது?" யாரும் பேசவில்லை. பையன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். 1927 மார்ச் 20-இல் மகாடில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியதைப் பற்றிச் சின்னம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. நான்தான் பிறகு சொன்னேன். "அவுரு கொளத்துல எறங்குனாரு, நாம சங்கத்துல எறங்குறோம்" என்றது.

இறங்கினோம். சந்தா கட்டி ரசீது வாங்கினோம். கமிட்டியில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள், ஒருத்தி சின்னம்மா. வேலை நடந்தது, கரை உயர்ந்தது, வாய்க்கால் தூர் எடுத்தார்கள். இதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் எழுதுவது நேர்மையில்லை.

குறை 'மக்கள் பங்களிப்பு' என்கிற இடத்தில் வந்தது. உலகம் முழுக்க மானியம் தருகிறவர்களுக்கு இந்தச் சொல்லின்மேல் தீராத ஆசை. சனங்களும் ஒரு பங்கு போட்டால்தான் திட்டம் தங்களுடையது என்று நினைப்பார்களாம். 1995-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் நீர்வடிப்பகுதி வழிகாட்டு நெறிகளிலும் பொது வேலைக்கு 5 சதம், தனியார் நில வேலைக்கு 10 சதம் என்று வைத்தார்கள். பல மாநிலங்களில் அந்தப் பங்கு கூலிக்காரர்களின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது என்பதை ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிலம் ஒருத்தருக்கு, பங்களிப்பு இன்னொருத்தர் முதுகில். எங்கள் பக்கத்திலும், ஊர் பேர் வேண்டாம், அதே கதைதான். சேரிப் பெண்கள் நாலு நாள் மண் எடுத்தார்கள். மூணு நாள் கூலி கொடுத்தார்கள். நாலாவது நாள் 'ஊர்ப் பங்களிப்பு' என்று கணக்கில் ஏறியது. குடிமராமத்து, பேர் மாறி, ரசீதோடு வந்தது. சின்னம்மா கணக்கு நோட்டைக் கேட்டதற்கு, "கமிட்டில சேத்தா கணக்கும் கேப்பியா?" என்றார்கள். மீன் ஏலம் வந்தபோது டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள். எங்களால் கட்ட முடியவில்லை. எங்களை ஏலம் கேட்கக் கூடாது என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

திட்டம் பத்தாண்டுக்குள் முடிந்தது. 2006-இல் வந்த பஞ்சாயத்தும் 2011-இல் காலம் முடிந்து, அதன்பின் பல வருசம் தேர்தல் இல்லாமல் கிடந்தது. 2008-இல் நூறு நாள் வேலை வந்தபோது அதே பெண்கள் அதே ஏரியில் தூர் எடுத்தார்கள், இந்த முறை பங்களிப்புப் பிடித்தம் இல்லை. சங்கம் கரைந்துபோனது. ஏலம் பழைய ஆட்களிடமே போனது. கரையில் நட்ட போர்டில் நட்சத்திர வளையம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

சின்னம்மா சந்தா ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது எடுத்துக் காட்டிக் கேட்டது: "இந்தச் சங்கத்த யாராச்சும் கலச்சாங்களா? கலைக்கலன்னா நான் இன்னும் மெம்பருதானே?" கலைத்ததாக எந்தக் காகிதமும் என் கண்ணில் படவில்லை. ரசீதை நகலெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த ஏலத்துக்கு முன்னால் துணைவிதி கேட்டு மனுப் போட வேண்டும். மனுவில் முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது.