நாட்டியத்துக்கு ஓட்டு

கலைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பண்டிதரா, பாமரரா? இது பழைய வழக்கு. எந்தச் சபையிலும் தீராத இந்த வழக்கைப் பிரிட்டிஷ் ஜனங்கள் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் வைத்து விசாரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த காலத்தில், அந்நாட்டில் ஜோடி நடனம் சீமான்களின் சொத்தாக இருக்கவில்லை. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வார முடிவில் நடன மண்டபத்துக்குப் போனார்கள். மெக்கா என்ற நடன மண்டபக் கம்பெனியைச் சேர்ந்த எரிக் மார்லியின் யோசனையில், 1950 வாக்கில் பி.பி.சி. டெலிவிஷனில் ‘கம் டான்ஸிங்’ பிறந்தது. முதலில் நடனம் கற்றுக் கொடுத்த நிகழ்ச்சி, பிறகு போட்டியாக மாறியது. விட்டு விட்டு 1998 வரை நடந்தது. ஆடியவர்கள் கைதேர்ந்தவர்கள், மார்க்குப் போட்டவர்கள் நிபுணர்கள். ஜனங்களுக்குப் பார்ப்பது ஒன்றுதான் வேலை.

2004-ல் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ என்று புதுப் பெயருடன் அது திரும்பி வந்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. நடிகர், விளையாட்டு வீரர், செய்தி வாசிப்பவர் என்று பிரபலமானவர்களைப் பிடித்து, தொழில் தெரிந்த ஒருவரோடு ஜோடி சேர்த்து ஆட விட்டார்கள். நான்கு நடுவர்கள் ஆளுக்குப் பத்து மார்க். அத்துடன் ஜனங்களின் வாக்கும் சேர்ந்தது.

2008-ல் வந்தது வினை! ஜான் ஸார்ஜண்ட் என்ற அரசியல் நிருபர், வயது 64, ஆட வந்தார். நடுவர்கள் அவரைக் கடைசியில் தள்ளத் தள்ள, ஜனங்கள் வாக்கை வாரி வழங்கிக் காப்பாற்றினார்கள். கடைசியில், தாமே ஜெயித்துவிடுவோமோ என்று பயந்து அவரே விலகிக் கொண்டார். “பார்த்தீர்களா, பாமரன் தீர்ப்பை!” என்று பண்டிதர்கள் சிரித்திருக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021-ல் ரோஸ் அய்லிங்-எல்லிஸ் ஆடினார். பிறவியிலேயே காது கேளாதவர். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே சங்கீதம் சட்டென்று நின்றது. சில விநாடிகள் முழு மௌனம். ரோஸும் அவருடைய ஜோடியும் தாளம் தப்பாமல் ஆடிக் கொண்டே இருந்தார்கள். அவருடைய உலகம் எப்படிப்பட்டது என்பதை அந்த மௌனம் காட்டிவிட்டது. அவ்வருஷம் அவரே வென்றார். 2024-ல் கிறிஸ் மெக்காஸ்லண்ட் என்ற ஹாஸ்ய நடிகர் வென்றார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. தொட்டுக் காட்டியும் வாயால் சொல்லியுமே அவருக்கு அடவுகளைக் கற்பித்தார்கள்.

இந்த இரண்டு இறுதிப் போட்டிகளிலும் நடுவர்களின் மார்க் வழிகாட்டி மட்டுமே. முடிவு செய்தது ஜனங்களின் வாக்கு. ஸார்ஜண்டுக்கு வேடிக்கைக்காக வாக்களித்த அதே ஜனங்கள்தாம்!

நடுவர் மார்க்குப் போடுவது அன்றைய ஆட்டத்துக்கு. அது அவர் கடமை. ஜனங்களோ முதல் வாரம் தடுமாறிய கால், கடைசி வாரம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கிறார்கள். சில சமயம் ஏமாறுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த மௌனத்துக்கு எத்தனை மார்க்குப் போடுவது? நாற்பதுக்கு நாற்பது போட்டாலும் கணக்குச் சரியாக வருமா என்ன?