வியாழக்கிழமைச் சாவுப் பட்டியல்

17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு தாள் அச்சாகி வரும். அந்த வாரம் எத்தனை பேரை அடக்கம் செய்தார்கள், எத்தனை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். 1629 முதல் எத்தனை பேர் எந்த நோயில் செத்தார்கள் என்ற விவரமும் சேர்ந்துகொண்டது. ஆண்டுச் சந்தா 4 ஷில்லிங். வாங்கியவர்களில் பலர் அடியில் இருக்கும் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பார்கள். சாவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? யாராவது விநோதமாகச் செத்திருந்தால் அடுத்த தாள் வரும்வரை பேச்சுக்கு அது போதும். பிளேக் காலத்தில் மட்டும் பணக்காரர்கள் ஊன்றிப் படித்தார்கள், ஊரைவிட்டு எப்போது கிளம்புவது என்று முடிவுசெய்ய.

இந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துக் கணக்குப் போட்டவர் ஜான் கிரான்ட். படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். ஊசி, நூல், பொத்தான் போன்ற சில்லறைச் சாமான் வியாபாரி. 1662-இல் அவருடைய சிறு நூல் வெளிவந்தது. அதே ஆண்டு அறிவியலாளர்களின் அமைப்பான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. இப்படிப்பட்ட கடைக்காரர்கள் இன்னும் கிடைத்தால் அவர்களையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளும்படி மன்னர் இரண்டாம் சார்லஸ் சொன்னதாகச் சொசைட்டியின் வரலாறு கூறுகிறது.

கிரான்ட் எண்களைக் கூட்டுவதற்கு முன் அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கோயில் மணி அடிக்கும். அல்லது குழி வெட்டச் சொல்லிக் கோயில்பிள்ளைக்கு ஆள் வரும். சேதி தெரிந்ததும் அந்தப் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தில், பிணம் பார்க்க நியமிக்கப்பட்ட கிழவிகள் புறப்படுவார்கள். சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்லர். உடலைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, இன்ன நோய் என்று பங்கு எழுத்தரிடம் சொல்வார்கள். செவ்வாய் இரவு எழுத்தர்கள் அதைத் தலைமை இடத்தில் சேர்ப்பார்கள். புதன்கிழமை அச்சு, வியாழக்கிழமை விநியோகம்.

ஆக, லண்டனின் சாவுக் கணக்கு முழுவதும் தொடங்கிய இடம் அந்தக் கிழவிகளின் வாய்.

20 ஆண்டுகளின் 2,29,250 சாவுகளை கிரான்ட் பிரித்துப் பார்த்தார். அவற்றில் 71,124 சாவுகள் பச்சைக் குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் கொண்டுபோகும் நோய்களால் வந்தவை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பட்டினிச் சாவு வெறும் 51. தெருவெல்லாம் பிச்சைக்காரர்கள் நிறைந்த ஊரில் அப்படியானால் அவர்களுக்கு யாரோ சோறு போடுகிறார்கள் என்று அவர் கணித்தார். கொலைச் சாவு 86.

இன்னொரு எண் அவரை உறுத்தியது. தமிழில் நம் முன்னோர் பறங்கிப்புண் என்று பறங்கியர் தலையில் கட்டிய மேகநோயை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் தலையில் கட்டியிருந்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பட்டியலில் இருந்தவை 392 சாவுகள்தான். அவையும் இரண்டே இரண்டு பங்குகளிலிருந்து வந்தவை. கிரான்ட் விசாரித்தார். கிழவிகளுக்கு ஒரு கோப்பை பீரும், வழக்கமான ஒரு குரோட் காசுக்குப் பதில் இரண்டும் கிடைத்தால் அதே உடல் எலும்புருக்கி நோய்க் கணக்கில் ஏறிவிடும். மூக்கே அழுகிப் போனவர்களும் ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தவர்களும் மட்டுமே உண்மையான பெயரில் பதிவானார்கள். நோயை எண்ண வந்த தாள், எந்த வீட்டுக்கு மானத்தைக் காசு கொடுத்துக் காப்பாற்ற முடிந்தது என்பதையும் காட்டிக்கொடுத்தது.

நகரத்தின் மக்கள்தொகையைக் கேட்டால் அனுபவசாலிகள் லட்சங்களைத் தாண்டி மில்லியன் கணக்கில் பேசுவார்கள். ஆண்டுக்கு 12,000 பிறப்புகள் என்பதிலிருந்து குடும்பங்கள் 48,000 என்று கிரான்ட் கணித்தார். ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர்: கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், மூன்று வேலைக்காரர்கள் அல்லது ஒட்டுக்குடியிருப்போர். மொத்தம் 3,84,000. அந்தப் பெருக்கலுக்குள் லண்டன் வீட்டின் உருவமே இருக்கிறது. கடைக்காரர் மனதில் வேலைக்காரர் இல்லாமல் குடும்பம் இல்லை.

அடக்கங்கள் ஞானஸ்நானங்களைவிட அதிகம். ஆனாலும் நகரம் வளர்ந்துகொண்டே போனது. நாட்டுப்புறத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் வந்து இடத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1967-இல் வரலாற்றாளர் டோனி ரிக்லி இதே வழியில் போய், 1650-க்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் இங்கிலாந்தின் வயதுவந்தோரில் ஆறில் ஒருவராவது வாழ்நாளில் எப்போதாவது லண்டனில் இருந்திருப்பார் என்று மதிப்பிட்டார்.

பதிவேட்டில் இல்லாதவர்களும் வரலாற்றாளர்களுக்குத் தடயம்தான். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஞானஸ்நான எண்ணிக்கை சரிந்தது. பிள்ளைப்பேறு குறைந்ததால் அல்ல. அரசு ஏற்ற திருச்சபையின் சடங்கை ஏற்காதவர்கள் பெருகியதால். 1981-இல் ரோஜர் ஃபின்லே பங்குப் பதிவேடுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்துப் பார்த்தபோது, வசதியான பங்குகளில் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி குறைவாக இருந்தது. பணக்காரத் தாய்மார் பிறந்த குழந்தையை நாட்டுப்புறத்துச் செவிலித்தாயிடம் பால் குடிக்க அனுப்பிவிட்டார்கள். தாய் தானே பால் கொடுக்காததால் அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வந்தது. அனுப்பிய இடத்தில் குழந்தை இறந்தால் அந்தச் சாவு அந்த ஊர்ப் பதிவேட்டில் ஏறும். லண்டன் கணக்கில் வராது.

1665-இல் பிளேக் மறுபடி வந்தது. ஆண்டு முழுவதும் பட்டியல் காட்டிய அடக்கங்கள் 97,306. அதில் பிளேக் 68,596. பிளேக் என்று எழுதினால் வீட்டையே பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, உள்ளே இருப்பவர்களை 40 நாள் அடைத்துவைப்பார்கள். வேறு நோய் சொல்ல வீட்டாருக்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை. கணக்கில் விடுபட்டவர்களும் உண்டு. திருச்சபையிலிருந்து விலகி நின்ற குவேக்கர்கள் சாவுக்கு மணி அடிக்கவில்லை. ஏழைகளோ எண்ண முடியாத வேகத்தில் செத்தார்கள்.

ஆகஸ்ட் 30, புதன்கிழமை. கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் தம் பங்கு எழுத்தரை வழியில் பார்த்து, பிளேக் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நம் பங்கில் இந்த வாரம் செத்தது ஒன்பது பேர், ஆனால் நான் எழுதிக்கொடுத்தது ஆறுதான் என்றார் எழுத்தர். இப்படிச் செய்வது சரியில்லை என்று பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மறுநாள் வியாழக்கிழமை. அவர் கண்ட கணக்கில் பிளேக் சாவுகள் 6,102. உண்மையில் அந்த வாரம் செத்தவர்கள் 10,000-ஐத் தொடுவார்கள் என்று ஊரில் பேச்சு.