நந்தன் சரித்திரமும் திருக்கோயில் வாயிலும்

இசை கேட்போர் நெஞ்சைச் சிறிது பொழுது உருக்குவதன்றி உலகியலையும் மாற்றவல்லதோ என்னும் ஐயம் பண்டே உளது. திருநாளைப்போவார் வரலாறு பாடப்பெற்ற வகையை நோக்குவார்க்கு அதன் விடை ஒருவாறு புலனாகும்.

சேக்கிழார் பெருமான் அருளிய புராணத்தில் நாயனாரைத் தடுப்பார் ஒருவரும் இலர். ஆதனூர்ச் சேரியிற் பிறந்து, பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துத் தொண்டாற்றிய அவர், தம் குலத்தை எண்ணித் தாமே தயங்கி, தில்லை செல்லுதலை நாளை நாளையென்று தள்ளுகின்றார். 1861-இல் அச்சேறிய கீர்த்தனையிற் கோபாலகிருஷ்ண பாரதியார் அத்தயக்கத்தை ஆண்டையின் தடையாக்கினார். அவ்வேதியர் புராணத்தில் இல்லாதவர். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் ஓரிரவில் முடித்தாற் போகலாம் என்கின்றார் அவர். சிவனருளால் அது முடிகின்றது. ஆண்டை தம் ஆளையே வணங்கி நிற்கின்றார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலின் இலக்கண வழுக்களைக் கருதிச் சிறப்புப்பாயிரம் அளிக்க நெடுநாள் இசைந்திலர். பின்னர் ஒருநாள் பாரதியார் பாடியது செவியில் விழ, மனங்கரைந்து அளித்தனர் என்பர் உ. வே. சாமிநாதையர். வழுக்கள் மெய்யே. புராணத்தோடு மாறுபட்டமையும் மெய்யே. எனினும், நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாளின் துயரை நிலமுடையோர் கூடிய அவையிற் புகுத்தியது அம்மாறுபாடேயன்றோ?

அதனால் உடனே விளைந்தது யாதெனின், பெரிதாக ஒன்றுமில்லை. இரவிற் கதை கேட்டுக் கண்ணீர் வடித்தோர் மறுநாட் காலையில் முன்போலவே ஆளை ஏவியிருப்பர். பாரதியாரும் தில்லையில் மூட்டிய தீயை நீக்கத் துணிந்திலர். அவருடைய நந்தனும் அத்தீயின் வழியே புகுகின்றார். ஆயினும் அப்பாடல்கள் ஊர்தோறும் பரவின. நந்தன் என்னும் பெயர் வழக்காடும் பெயராயிற்று. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-இல் ஒடுக்கப்பட்டோர் மக்களுக்கெனத் தொடங்கிய பள்ளி அப்பெயரையே தாங்கியது. 1935-இலும் 1942-இலும் அச்சரிதம் திரைப்படமாயிற்று, முன்னதில் கே. பி. சுந்தராம்பாளும் பின்னதில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராயினர்.

கதவைத் திறந்தது பாட்டன்று; போராடிய மனிதரே. கேட்போர் செவி அதற்குள் பழகியிருந்தது என்பதே பாட்டின் பங்கு. 1939 ஜூலை 8-இல் மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட அன்பர் சிலரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றனர். அங்ஙனம் புகுவித்தோரைக் காக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது; மாகாணத்துத் திருக்கோயில்கள் அனைத்திற்கும் உரிய சட்டம் 1947-இல் நிறைவேறியது.