மூச்சுச் சோதனை மறுப்பு

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் காவலர் ஐயுறும் ஓட்டுநர், சோதனைக் கருவியில் ஊத மறுப்பது மூச்சுச் சோதனை மறுப்பு எனப்படும். ஊதுவதா மறுப்பதா என்பது சட்டச் சிக்கலாக முதலில் வடிவெடுத்த நாடு அமெரிக்கா.

கருவி வருவதற்கு முன் காவலரின் கண்ணும் மூக்கும்தான் சாட்சி. வாயில் வாடை, தள்ளாட்டம், நாக்குழறல் ஆகியவற்றை வைத்தே வழக்குப் பதிவானது. தலையில் அடிபட்டவரும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்தவரும்கூடத் தள்ளாடுவர் என்பதால் நிரபராதிகள் சிக்கினர். குடித்தும் நிதானமாகப் பேசத் தெரிந்தவர் தப்பினார். 1927இல் எமில் போகன் என்ற மருத்துவர் மூச்சுக் காற்றைக் கால்பந்தின் உட்பையில் பிடித்து, அதிலிருந்த ஆல்ககாலை அளந்து காட்டினார். இண்டியானா பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் ரோலா ஹார்ஜர் 1931இல் ‘டிரங்கோமீட்டர்’ கருவியை உருவாக்கினார். பலூனில் ஊதிய காற்றை, கந்தக அமிலம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலுக்குள் செலுத்துவார்கள். ஆல்ககால் இருந்தால் ஊதா நிறம் வெளுக்கும். 1938 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக் கொண்டாட்ட இரவில், இண்டியானாபொலிஸ் காவல்துறை இதை முதன்முதலாகப் பயன்படுத்தியது. அதே மாநிலத்தின் காவல் அதிகாரி ராபர்ட் போர்கென்ஸ்டீன் 1954இல் ‘பிரெத்தலைசர்’ கருவியைக் கொண்டுவந்தார். இதில் பொட்டாசியம் டைகுரோமேட்டின் மஞ்சள் நிறம் எவ்வளவு குறைகிறது என்பதை ஒளிமின்கலம் அளந்து சொல்லும். 2,100 மி.லி. மூச்சில் உள்ள ஆல்ககால் 1 மி.லி. இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது இக்கணக்கின் அடிப்படை. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இன்றும் வாதிடுவதுண்டு.

கருவி வந்ததும், ஊத மாட்டேன் என்பவரை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1953இல் நியூயார்க் மாநிலம் முதலில் விடை கண்டது: பொதுச் சாலையில் வண்டி ஓட்டுபவர் சோதனைக்கு முன்கூட்டியே இசைந்தவராகக் கருதப்படுவார், மறுத்தால் உரிமம் போகும். பிற மாநிலங்களும் இதையே பின்பற்றின. 1966இல் கலிபோர்னியா வழக்கொன்றில், விபத்துக்குப் பின் மருத்துவமனையில் இருந்த ஓட்டுநரின் எதிர்ப்பை மீறி இரத்தம் எடுத்தது செல்லும் என உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை உடல் மாதிரிகளைக் காக்காது என்பது அதன் சாரம். மறுத்ததையே சான்றாக வைக்கலாம் என 1983இல் தெற்கு டகோட்டா வழக்கு முடிவுசெய்தது. கைதுக்குப் பின் ஊதச் சொல்ல வாரண்ட் தேவையில்லை, இரத்தம் எடுக்கப் பொதுவாகத் தேவை என 2016இல் வடக்கு டகோட்டா வழக்கு வரையறுத்தது. ஊதுவதில் ஊசி உடலைத் துளைப்பதில்லை. இரத்தத்தைப் போல எடுத்துவைத்து வேறு விவரங்களைத் துருவவும் முடியாது. இந்த வேறுபாடு நியாயமானது.

அளவு எண் இல்லாவிட்டால் வழக்கு வலுவிழக்கும் என்பதால் மறுத்துவிடுமாறு சில வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. அந்த அறிவுரை கட்சிக்காரருக்கு அரிதாகவே உதவுகிறது. உரிம இடைநீக்கம் குற்ற வழக்கிலிருந்து தனியான நிர்வாக நடவடிக்கை. காவலர் வாரண்ட் பெற்று இரத்தம் எடுக்கவும் வழியுண்டு. சாலையோரக் கைக்கருவியும் நிலையத்தில் உள்ள பெரிய கருவியும் வேறு வேறு. பல மாநிலங்களில் உரிம இழப்பு இரண்டாவதை மறுப்பதற்கே உரியது.

பிரிட்டனில் 1967ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம் 100 மி.லி. இரத்தத்தில் 80 மி.கி. என்று வரம்பு வைத்தது. தக்க காரணமின்றி மாதிரி தர மறுப்பது அங்கே தனிக் குற்றம்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 பொருந்தும். வரம்பு 30 மி.கி. சீருடையிலுள்ள காவலர் ஊதச் சொல்ல 203ஆம் பிரிவு இடமளிக்கிறது. மறுப்பவர் குடித்திருப்பதாக ஐயுறக் காரணமிருந்தால் வாரண்ட் இன்றிக் கைது செய்யலாம். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும். காரணமற்ற மறுப்பு 205ஆம் பிரிவின்படி அரசுத் தரப்புக்கு வலுச் சேர்க்கும். 2019 திருத்தத்துக்குப் பின், குடித்துவிட்டு ஓட்டிய முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.