கணக்கேடும் கலைக்கல்வியும்

வணிகம் கற்க ஒருவர் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டுமா? இன்று இக்கேள்வியே நமக்கு வியப்பளிக்கும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கல்வியாளர் பலரும் 'வேண்டியதில்லை' என்றே விடை பகர்ந்திருப்பர். கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும் மெய்யியலும் மனத்தைப் பண்படுத்துவன; கொடுக்கல் வாங்கலோ வணிகர் ஒருவரிடம் எழுத்தராக அமர்ந்து பழக வேண்டிய தொழில் என்பதே அன்றைய எண்ணம். யேல் கல்லூரி 1828இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையும் இத்தகைய கருத்தையே வலியுறுத்தியது. பிரிந்துகிடந்த இவ்விரு கல்விகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர முயன்ற ஒரு பள்ளியின் வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஜோசப் வார்ட்டன் குவேக்கர் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். துத்தநாகம், நிக்கல், இரும்பு ஆகிய தொழில்களில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1881இல் அவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். வணிகக் கல்விக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலைபெற்ற முதல் பள்ளி இவ்வாறு தோன்றியது. பயனுள்ள கல்வியும் அழகுசெய்யும் கல்வியும் ஒருங்கே வேண்டும் என 1749இலேயே எழுதிய பெஞ்சமின் பிராங்கிளின் நிறுவிய பல்கலைக்கழகம் அது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வார்ட்டன் வகுத்த திட்டத்தில் கணக்கியல், நாணயம், வரிவிதிப்பு, வணிகச் சட்டம் ஆகியவை இடம்பெற்றன. அவற்றோடு வேறொரு பாடமும் இருந்தது. பிறர்க்கு ஏதேனும் ஒரு தொண்டு செய்து பொருள் ஈட்டாமல், பிறரிடமிருந்து பறித்துச் செல்வம் சேர்க்க விழைவது அறமன்று, நடைமுறைக்கு உகந்ததுமன்று என மாணவர்க்கு உணர்த்த வேண்டும் என அவர் விதித்தார். இறக்குமதிக்கு வரி விதித்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் கொள்கையைக் கற்பிக்க வேண்டும் என்றும் அவரே கட்டளையிட்டார். இரும்புத் தொழிலதிபரின் நலமும் அறவோரின் மனமும் ஒரே தாளில் இடம்பெற்றிருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அப்பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் பொருளியலும் அரசியலும் சமூகவியலும் அதனுள்ளேயே வளர்ந்தன. 1896இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அப்பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று, பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகச் சென்று ஆய்ந்தார். 1899இல் வெளிவந்த அவரது நூல் சமூகவியலின் முன்னோடி ஆக்கங்களுள் ஒன்று. ஆயினும் அவருக்கு அங்கே முறையான பேராசிரியப் பதவி கிட்டவில்லை.

அடுத்த சோதனை 1915இல் வந்தது. அங்குப் பொருளியல் கற்பித்த ஸ்காட் நியரிங், சிறுவரைச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைக்கு அமர்த்தும் வழக்கத்தை வன்மையாகக் கண்டித்து வந்தார். சக ஆசிரியர்கள் அவருக்குத் துணைநின்றனர். எனினும் அறங்காவலர் குழு அவரது பணியை நீட்டிக்க மறுத்துவிட்டது. பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு ஓய்வுபெற்ற பேராசிரியர் என்னும் பட்டத்தை அளித்தது 1973இல். அதாவது 58 ஆண்டுகள் கழித்து! செல்வம் எவ்வாறு சேர்கிறது என்று கற்பிக்கத் தடையில்லை. யாருடைய உழைப்பால் சேர்கிறது என்று வினவியபோதுதான் கதவு அடைபட்டது.

இதற்கிடையே அமெரிக்கா எங்கும் வணிகப் பள்ளிகள் பெருகின. 1959இல் போர்டு அறக்கட்டளையின் ஆதரவிலும் கார்னகி நிறுவனத்தின் ஆதரவிலும் தனித்தனியே இரு ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. இளங்கலை வணிகக் கல்வி குறுகிய தொழிற்பயிற்சியாய்ச் சுருங்கிவிட்டது. பொதுக் கல்வியின் பங்கு உயர வேண்டும் என இரண்டுமே எடுத்துரைத்தன. ஆயினும் 1974இல் கலை அறிவியல் புலம் தனியே அமைந்தபோது, பொருளியலும் அரசியலும் சமூகவியலும் வார்ட்டன் பள்ளியைவிட்டு அங்கே பெயர்ந்தன. அப்பள்ளியின் இளநிலைப் பட்டம் மட்டும் இன்றும் 'பொருளியல்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

2011இல் கார்னகி கல்வி வளர்ச்சி அறக்கட்டளையின் ஆய்வு நூல் ஒன்று, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய குறையை மீண்டும் நினைவூட்டியது. மாணவர் இலக்கியமும் வரலாறும் ஒரு கட்டடத்தில் கற்கின்றனர். நிதியியலும் சந்தையியலும் மற்றொரு கட்டடத்தில் கற்கின்றனர். இரண்டும் சந்திக்கும் இடம் அவர்களுக்குக் காட்டப்படுவதில்லை. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெறுவோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வணிகம் பயின்றவர் என்பதை எண்ணினால், இக்குறையின் அளவு விளங்கும்.

அப்படியாயின் கலைக்கல்வியோடு வணிகம் பயில்வதன் பொருள் என்ன? மேலாண்மைப் பாடத்திற்கு நடுவே கவிதை வகுப்பு ஒன்றைச் சேர்ப்பது மட்டும் அன்று. ஊதியக் கணக்கை எழுதும் அதே மேசையில், அவ்வூதியம் போதுமா என்று கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். அவ்வாறு கேட்டவரை வெளியேற்றிய பள்ளி, எத்தனை கலைப்பாடங்களைச் சேர்த்துக்கொண்டாலும் அன்று ஒரு பாடத்தைத் தவறவிட்டது. பொருளை ஈட்டும் வழியையும் அதன் பயனையும் பிரிக்காமல் கற்பிக்கும் வகுப்பறையே, தன் நிறுவனர் 1881இல் எழுதிய கட்டளையை நிறைவேற்றுகிறது எனலாம். அத்தகைய வகுப்பறைகள் எத்தனை என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்ப்பது நன்று.